மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களை: அட்ரசினா, 2,4-டியா?

அம்பத்தூரில் வேலை, பெரம்பலூர்ப் பக்கம் மூணு ஏக்கர் மக்காச்சோளம் என்று இருப்பவர்கள் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போதே கேட்கும் கேள்வி இது: இந்த இரண்டு களைக்கொல்லிகளில் எதை அடிப்பது?

காலம்: அட்ரசின், விதைத்த 3 முதல் 5 நாளுக்குள், களை முளைக்கும் முன்பே. 2,4-டி, 20–25ஆம் நாள், களையைக் கண்ணால் பார்த்தபின்.

ஈரம்: அட்ரசினுக்கு மண் ஈரம் கட்டாயம், காய்ந்த மண்ணில் அடித்தால் காசு புழுதியோடு போச்சு. 2,4-டி இலை வழியாக இறங்குவது. அடித்த கையோடு மழை கொட்டக் கூடாது.

களை: சாரணை, தொய்யக்கீரை இரண்டுக்கும் அடங்கும். புல்லை 2,4-டி கொல்லாது.

அக்கம்பக்கம்: வம்பே இங்கேதான். 2,4-டி சாரல் காற்றில் வந்து பட்டாலே பருத்தி இலை வெண்டை இலை மாதிரி விரல் விரலாகக் குறுகிவிடும். தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே பருத்திக்கு மருந்தடித்த என் மச்சான், அந்தப் பருவம் முழுக்க அக்காவிடம் திட்டு வாங்கினார். அட்ரசினில் அந்தப் பயம் குறைவு.

விதைப்பு வாரம் லீவு கிடைக்குமென்றால் அட்ரசின். அந்த வாரத்தைக் கோட்டைவிட்டாச்சு, சுற்றிலும் பருத்தி இல்லை என்றால் 2,4-டி. ஊடுபயிராக உளுந்து போட்டவர்களுக்கு இரண்டுமே ஆகாது. விதைத்ததும் பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லியை அடிக்கலாம்.