கேள்விக்குறி போன்ட் பிரச்சினை அல்ல: தமிழ் பைலைக் கடையில் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

அம்மம்மாவின் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிப்பதற்காக, திருகோணமலை நகரில் ஒரு கொம்பியூட்டர் கடையில் என் பென் டிரைவைக் கொடுத்தேன். அதில் 11 டெக்ஸ்ட் பைல்கள். 2006இல் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்து, பிறகு கிளிவெட்டி முகாமில் இருந்த காலம் தொட்டு அம்மம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியவை. ஊரின் வயல்களுக்கும் குளங்களுக்கும் துரவுகளுக்கும் இருந்த பெயர்கள், எது யாருடைய வளவு, அவர் பாடிய கவி, தாலாட்டு. என் லாப்டொப் பழுதாகிவிட்டதால் வேறு பிரதி இல்லை.

கடையில் இருந்த தம்பி பதினொன்றையும் பழைய விண்டோஸ் 7 கணினியில் ஒரே பைலாக்கி, பழையவற்றை அழித்துவிட்டார். திறந்து பார்த்தால் வரிக்கு வரி கேள்விக்குறி. நான் போட்டிருந்த ஆண்டுகளும் கமாக்களும் மட்டும் அப்படியே இருந்தன.

“ஒண்டும் ஆகல்ல அக்கா, போன்ட் பிரச்சினைதான். போன்ட் போட்டா வந்திடும்” என்றார். போன்ட் என்பது பைலில் உள்ள எழுத்துக்குத் திரையில் உருவம் கொடுப்பது. அதற்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள். இன்றைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று இரண்டு கிழமை போனது. நம்பி இருந்த நான், 31ஆம் நாள் படங்களையும் அதே பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். மலர் வெறும் படங்களோடு வந்தது.

உண்மையைச் சொன்னவர் வேறொரு கடைக்காரர். என் கண் முன்னாலேயே நோட்பேடில் ‘தமிழ்’ என்று மட்டும் அடித்தார். எல்லா மொழி எழுத்துகளையும் வைத்திருக்கக்கூடிய யூ.ரி.எஃப்-8 (UTF-8) முறையில் சேமித்தபோது பைலின் அளவு 15 பைட். அதையே, தமிழுக்கு இடமில்லாத பழைய ஆன்சி (ANSI) முறையில் சேமித்தார். யூனிகோட் எழுத்துகள் இழக்கப்படும் என்று கணினியே எச்சரித்தது. ஓகே கொடுத்து, மூடித் திறந்தார். ஐந்து கேள்விக்குறி, 5 பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்ற ஐந்தும் ஒரே குறியாகிவிட்டன. எது எந்த எழுத்து என்ற தகவலே பைலில் இல்லாதபோது எந்தப் போன்ட் வந்து என்ன செய்யும்? 2019இல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலிலிருந்துதான் நோட்பேட் புதிய பைலைத் தானாகவே யூ.ரி.எஃப்-8இல் சேமிக்கிறது. அதற்கு முந்தியதில் நாமாகத் தெரிவு செய்யாவிட்டால் ஆன்சிதான். அந்தத் தம்பியும் அதே எச்சரிக்கைக்கு ஓகே கொடுத்திருக்க வேண்டும்.

தவறு யாருக்கும் வரும். எனக்குத் தாங்காதது அந்தப் பொய். அழிந்த பைல்களை அன்றைக்கே தேடியிருந்தால் பென் டிரைவிலிருந்து மீட்டிருக்க வாய்ப்பு இருந்ததாம். மேலே படங்களை ஏற்றியதால் அந்த இடம் நிரம்பிவிட்டது.

ஆகவே, கடையில் “போன்ட்” என்று சொன்னால் திரையை நீங்களே பாருங்கள். வெறும் கட்டங்கள் தெரிந்தால் அது போன்டாக இருக்கலாம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் பாமினி என்ற பழைய தமிழ்ப் போன்டில் அடித்ததாக இருக்கும், மாற்றி எடுக்கலாம். மேலே கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் (à) வட்டத்துக்குள் ‘ஆர்’உம் (®) மாறி மாறி வந்தால் பயப்படாதீர்கள். சேமிக்காமல் மூடி, யூ.ரி.எஃப்-8 என்று தெரிவு செய்து திறந்தால் பெரும்பாலும் தமிழ் வந்துவிடும். கேள்விக்குறியாக வந்து, பைலின் அளவும் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட இறங்கியிருந்தால் எழுத்துப் போய்விட்டது. அந்த நிமிடமே பென் டிரைவைக் கழற்றி வாங்குங்கள், அதில் வேறு எதையும் ஏற்றாதீர்கள். கொடுக்கும் முன்னரே ஒரு பிரதியை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “வேலை செய்தம்தானே” என்றார்கள்.

எப்போதோ சின்னம்மாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பிய ஒரு பைல் மட்டும் கிடைத்தது. அதில் துரவுகளின் பெயர்கள் இருக்கின்றன. வயல், குளங்களின் பெயர்களை இப்போது சம்பூரில் வயதானவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மம்மாவின் கவியைக் கேட்க யாரும் இல்லை.