ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு முதல் கறி: ஆடா, கோழியா, ஈரலா, முட்டையா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கறி சாப்பிடும் வீடுகளில், ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதலில் ஊட்ட ஏற்றது ஆட்டுத் தொடைக்கறி. எங்கள் வீட்டிலும் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம். கோழி அடுத்த இடம். முட்டை இரண்டோடும் கூடவே வரவேண்டியது. ஈரல் வாரம் ஒருமுறை, ஸ்பூன் கணக்கில் மட்டும்.

எல்லாருக்கும் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலை நின்றிருக்க வேண்டும், சாய்மானம் வைத்தால் உட்கார வேண்டும், ஸ்பூனை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் விட்டிருக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்குப் பிறகும் தொடரலாம். குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்த குழந்தைக்கு எதைத் தொடங்கும் முன்னும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"பல் முளைக்கட்டும், அப்புறம் கறி கொடுக்கலாம்", "ஒரு வயசுக்கு முன்னாடி கொடுத்தா மந்தம் தட்டும்" என்று பெரியவர்கள் சொல்வது பிள்ளை மேலுள்ள அக்கறையால்தான். ஆனால் அரைத்த கறியை விழுங்கப் பல் தேவையில்லை. ஆறு மாதக் குழந்தையின் வயிறு அதைச் செரித்துக்கொள்ளும். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை கறி, மீன், முட்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தினமும் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் சொல்கிறது.

கறிக்கு ஏன் இவ்வளவு அவசரம்? இரும்புச்சத்துதான் காரணம். நான்கையும் ஒப்பிட எங்கள் அளவுகோலும் அதுவே.

தாயின் வயிற்றில் இருக்கும்போது சேர்த்துவைத்த இரும்பைக் கொண்டு குழந்தை ஏறக்குறைய ஆறு மாதம் ஓட்டிவிடும். அதன் பிறகு கையிருப்பு தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் கீழே. உடலும் மூளையும் வேகமாக வளரும் அந்த மாதங்களில்தான் நம் வீடுகளில் பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழும் அரிசிக் கஞ்சியும் நேந்திரங்காய்ப் பொடியும் பருப்புச் சாதமும் மட்டும் போகின்றன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது.

கேழ்வரகிலும் இரும்பு இருக்கிறதே என்று கேட்கலாம். 100 கிராம் மாவில் ஏறக்குறைய 4 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருளும் கால்சியமும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தால் இந்தத் தடை கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. தானியம், பருப்பு, கீரையில் உள்ள இரும்பு பெரும்பாலும் நூற்றுக்கு 2 முதல் 20 பங்குதான் உடலில் சேரும். கறியின் சிவப்பு நிறத்தோடு சேர்ந்திருக்கும் ஹீம் இரும்பு 15 முதல் 35 பங்கு வரை சேரும். கறியை அரிசி, பருப்போடு பிசைந்து கொடுத்தால் அவற்றில் உள்ள இரும்பும் கூடுதலாக உடலில் ஏறும் என்பது இன்னொரு லாபம். அதனால் கேழ்வரகைக் கைவிட வேண்டாம், கறி ஊட்டாத வேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

குழந்தை சாப்பிடும் அளவில் கணக்குப் போட்டால் வேறுபாடு தெரியும். வெந்து அரைத்த கறி ஒரு மேசைக்கரண்டி என்பது சுமார் 15 கிராம். வெள்ளாட்டுக் கறியானால் அதில் அரை மில்லிகிராம் இரும்பு. கோழித் தொடையில் 0.2, நெஞ்சுக்கறியில் அதற்கும் குறைவு. கோழி ஈரலில் ஒன்றரைக்கு மேல். ஒரு முழு முட்டையில் 0.9 இருந்தாலும் மஞ்சள்கருவில் உள்ள ஒரு புரதம் அதை இறுகப் பிடித்திருப்பதால் உடலில் சேர்வது சொற்பம்.

இந்தக் கணக்குப்படி ஈரல்தானே முதலில் வர வேண்டும்? வைட்டமின் ஏ குறுக்கே நிற்கிறது. வெந்த கோழி ஈரல் ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 200 மைக்ரோகிராம் இருக்கும். கைக்குழந்தைக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 600. ஆட்டீரலில் கோழியீரலைவிட மிக அதிகம். கறியைப் போல மேசைக்கரண்டிக் கணக்கில் தினமும் கொடுத்தால் அளவு மீறும். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசியோடு வைட்டமின் ஏ சொட்டும் கொடுப்பார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதனால் கோழி ஈரல் வாரத்தில் ஒரு நாள், ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன் போதும். உள்ளே சிவப்பு கொஞ்சமும் தெரியாமல் வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். ஈரல் எளிதாக மசியும் என்பது அதன் நல்ல குணம்.

சுவரொட்டியையும் கேட்பார்கள். ஆட்டு மண்ணீரலான அதில் இரும்பு ஈரலைவிடப் பல மடங்கு, வைட்டமின் ஏ தொல்லையும் இல்லை. ரத்தம் ஊறும் என்று பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் நம் வழக்கத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான், கறிக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தொடர்ந்து கொடுத்த அனுபவம் எங்களுக்குக் குறைவு. எட்டு மாதத்துக்குப் பிறகு எப்போதாவது அரை டீஸ்பூன் என்பதைத் தாண்டிப் பரிந்துரைக்க மாட்டோம்.

கோழிக்கு வருவோம். விலை குறைவு, எல்லா நாளும் கிடைக்கும், பிராய்லர் கோழி கால் மணி நேரத்தில் மெத்தென்று வேகும். முதல் வாரம் பழக்குவதற்குக் கோழியே எளிது என்பதை மறுக்கவில்லை. கோழிதான் என்று முடிவு செய்தால் தொடைக்கறியை வாங்குங்கள். நெஞ்சுக்கறி வெந்ததும் நார் நாராகி, அரைத்தாலும் பஞ்சு போல நாக்கில் ஒட்டும். நாட்டுக்கோழி ருசியானது, ஆனால் கறி கெட்டி, எலும்பு மெல்லியது. நீண்ட நேரம் வேகும்போது ஊசி போன்ற சில்லுகள் கறியோடு கலந்துவிடும். எலும்பை நீக்கிய பிறகே வேகவைக்க வேண்டும். பச்சைக் கோழியைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் கிருமி சிதறி, பக்கத்தில் காயும் பால் பாத்திரம் வரை போகும். அலசாமல் நேரே கொதிநீரில் போடுவது மேல். மாட்டுக்கறி சாப்பிடும் வீடுகளில் அதுவும் ஆட்டுக்கறிக்குச் சமமாக நிற்கும், கீழே சொல்லும் முறையே அதற்கும் பொருந்தும்.

இனி சூப். ஆட்டுக்கால் சூப்போ நெஞ்செலும்பு சூப்போ வைத்து, சாற்றைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, சக்கை என்று கறியை மற்றவர்கள் சாப்பிடுவது பல வீடுகளில் நடக்கிறது. சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. இரும்போ கறிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சூடு பட்டதும் கறியின் புரதம் இறுகி அதை உள்ளே வைத்துக்கொள்ளும், சாற்றில் இறங்குவது மிகக் கொஞ்சம். சிறிய வயிறு தண்ணீரால் நிறைந்து, அடுத்த வேளைக் கஞ்சியும் குறையும். சக்கை என்று ஒதுக்குவதைத்தான் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். சாறு அதை அரைக்க உதவட்டும்.

ஆட்டுக்கறிக்கு எதிராகச் சொல்லக்கூடிய நியாயமான குறை ஒன்றுதான்: வேகாது. மலையில் இந்தக் குறை இன்னும் பெரிது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய அதே நிலை. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு கொதிக்கவிட்டாலும் கறியின் சவ்வு கரைய நெடுநேரம் பிடிக்கும். குக்கருக்குள்ளும் சமவெளியைவிட நான்கைந்து டிகிரி குறைவாகவே ஏறும். ஆகவே சமவெளியில் 20 நிமிடம் என்றால் இங்கே 25 என்று கால்பங்கு கூட்ட வேண்டும். விசில் எண்ணி வேகவைப்பதை இந்த ஒரு சமையலுக்கு விட்டுவிடுங்கள். தீயின் அளவையும் தண்ணீரின் அளவையும் பொறுத்து விசில் மாறும்.

செய்முறை இது. எலும்பில்லாத தொடைக்கறி 250 கிராம், இளம் ஆட்டினுடையதாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் கொத்துக்கறியாக வாங்க வேண்டாம், கட்டையில் கொத்தும்போது எலும்புச் சில்லு விழும், மற்ற கறியின் அழுக்கும் கலக்கும். வெள்ளைச் சவ்வையும் கெட்டிக் கொழுப்பையும் எடுத்துவிட்டு, நாருக்குக் குறுக்கே சுண்டுவிரல் அகலத்துக்கு நறுக்குங்கள். நாரோடு நீளவாக்கில் நறுக்கினால் அரைத்த பிறகும் நூல் நூலாக நிற்கும். ஒன்றரை டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள், இரண்டு பல் பூண்டு. முதல் விசில் வந்ததும் சிம்மில் குன்னூரில் 25 நிமிடம், ஊட்டியில் 30. ஆவி தானாக அடங்கட்டும். ஒரு துண்டை இரு விரலால் நசுக்கினால் எதிர்ப்பில்லாமல் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் இன்னும் பத்து நிமிடம்.

சூடு ஆறுமுன், வெதுவெதுப்பாக இருக்கும்போதே சட்னி ஜாரில் அரைக்க வேண்டும். ஆறிய கறியை அரைத்தால் மணல் மணலாகி, குழந்தை துப்பிவிடும். "பிள்ளைக்குக் கறி பிடிக்கலை" என்று சொல்லப்படுவதில் பாதி இந்த மணல்தான். வேகவைத்த சாற்றை ஒவ்வொரு கரண்டியாக விட்டு, ஸ்பூனைச் சாய்த்தாலும் வழியாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அரை ஸ்பூன் நெய்யோ மசித்த உருளைக்கிழங்கோ வெண்ணெய்ப்பழமோ சேர்த்தால் தொண்டையில் எளிதாக இறங்கும். முதல் நாள் அரை டீஸ்பூன் கறி, இரண்டு டீஸ்பூன் குழைந்த சாதம். ஒரு வாரத்தில் ஒரு மேசைக்கரண்டிக்கு வரலாம், ஒன்பது மாதத்தில் இரண்டு. கூடவே தக்காளியோ ஆரஞ்சுச் சாறோ கொஞ்சம் இருந்தால் சாதத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும். எட்டு மாதத்தில் அரைப்பதை நிறுத்தி முள்கரண்டியால் மசியுங்கள், பத்தில் மெல்லிய இழைகளாகப் பிய்த்துக் கையில் கொடுங்கள். மைய அரைத்ததையே பத்து மாதம் தாண்டியும் கொடுத்தால் பிறகு மென்று தின்ன அடம்பிடிக்கும். கறித் துண்டைக் கட்டியாகக் கொடுக்கவே கூடாது, ஊட்டும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

எஸ்டேட் லைன்களிலும் சிறு ஊர்களிலும் ஆட்டுக்கறி பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைப் பொருள். மேலே சொன்ன 250 கிராம் வெந்து 150 கிராமுக்குச் சுருங்கும், அதாவது பத்து மேசைக்கரண்டி. ஒரு வாரத்துக்குத் தாராளம். அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் நாளுக்கு ஒரு கட்டி. ஆவி பறக்கச் சூடுபண்ணி ஆறவைத்துக் கொடுங்கள், ஒருமுறைதான் சூடுபண்ணலாம். எச்சில் ஸ்பூன் பட்ட மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய்க் கட்டி இளகிவிட்டால் மறுபடி உறையவைக்கக் கூடாது. ஜில்லென்று இருக்கும்போதே சூடுபண்ணி அன்றே முடித்துவிட வேண்டும், குளிர்ச்சி போயிருந்தால் கொட்டிவிட வேண்டும். "இந்தக் குளிருக்கு வெளியே வெச்சாலும் கெடாது" என்பது ஆபத்தான நம்பிக்கை. 5 டிகிரிக்கு மேல் கிருமி பெருகும், ஊட்டி அடுக்களை பகலில் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும்.

முட்டையைக் கறிக்குப் பதிலாக எண்ணாமல், ஒவ்வாமை வராமல் உடம்பைப் பழக்கவும் நல்ல புரதத்துக்காகவும் கொடுங்கள். மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து, ஆறு மாதத்திலேயே தொடங்கலாம். ஊட்டியில் தண்ணீர் கொதித்த பிறகு 15 நிமிடம் வேகட்டும். முதல் முறை கால் ஸ்பூன், பகல் வேளையில். உடம்பில் தடிப்பு, முகவீக்கம், தொடர் வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. குளிர்காலத்தில் முட்டை சளி பிடிக்கும் என்று நிறுத்த வேண்டியதில்லை. மீன் மலைக்கு ஐஸில் வருவதால் புதுசு கிடைக்கும் நாள் பார்த்து மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீனாக, முள் எடுத்துக் கொடுக்கலாம். சுறா வேண்டாம், பாதரசம் சேர்ந்திருக்கும். கருவாடு உப்பு.

தேயிலை விளையும் ஊரில் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது: டீயில் பிஸ்கட் தொட்டு ஊட்டும் வழக்கம் வேண்டாம். டீயின் டானின், சாதம் பருப்பில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மலைத்தேன் எவ்வளவு சுத்தமானதானாலும் ஒரு வயதுக்கு முன் நாக்கில்கூடத் தடவக் கூடாது, பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் விஷக்கிருமியின் வித்து அதில் இருக்கக்கூடும். கிராம சுகாதார செவிலியர் தரும் இரும்புச் சிரப், வாரம் இரண்டு முறை ஒரு மில்லி, கறி தொடங்கியதும் நிறுத்த வேண்டியதில்லை. அது குடித்த மறுநாள் மலம் கறுத்துப் போவது இயல்பு. மலம் இறுகினால் மசித்த பேரிக்காய் இரண்டு ஸ்பூன், கொதித்தாறிய தண்ணீர் சில மடக்கு.