எக்ஸ்பி95 பெட்ரோல்: கூடுதல் விலைக்குத் தகுமா?

இந்தியன் ஆயில் பங்க்குகளில் சாதாரண பெட்ரோலைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்படும் எக்ஸ்பி95, பெயரில் உள்ளபடியே 95 ஆக்டேன் கொண்டது. ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சக்தியைக் குறிப்பதன்று. சிலிண்டருக்குள் அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த சுடர் வந்து சேரும் முன்பே தானாக வெடித்துவிடாமல் அது தாக்குப்பிடிக்கும் திறனையே குறிக்கிறது. ஆகவே 91 ஆக்டேனுக்கென வடிவமைக்கப்பட்ட, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினுக்கு இதை ஊற்றுவதால் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவில் உயர்வதற்குக் காரணமே இல்லை. அழுத்தம் மிகுந்த டர்போ எஞ்சின்களின் கதை வேறு: இப்படித் தானாக வெடிக்கும் ‘நாக்கிங்’ உணரப்பட்டால் எஞ்சின் கணினி பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும், இழுவை சற்றுக் குறையும், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது அந்தக் குறை தெரியும். அத்தகைய கார்களுக்கு எக்ஸ்பி95 பொருத்தமானதே. ஆனால் எத்தனாலின் ஆக்டேன் 100-க்கும் மேல் என்பதால், 20% எத்தனால் கலந்த இன்றைய சாதாரண பெட்ரோலுக்கும் இதற்குமான இடைவெளி முன்புபோல் இல்லை.

எஞ்சினைத் தூய்மையாக வைக்கும் சேர்மங்கள் இதில் உண்டு என்பது உண்மைதான். அதற்காக மட்டும் ஒவ்வொரு முறையும் கூடுதல் பணம் தர எனக்கு மனமில்லை. கேட்காமலேயே இந்தப் பிரீமியம் பெட்ரோலை நிரப்பிவிடும் ஊழியர்களும் உண்டு என்பதால், பூஜ்யத்தைப் பார்க்கும்போதே லிட்டர் விலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.