பாரிஸ் பாராலிம்பிக் நேரலைச் சேவை: படத்தில் தெளிவு, விளக்கத்தில் பஞ்சம்

2024 ஆகஸ்ட் 28 முதல் செப்டம்பர் 8 வரை பாரிஸில் நடந்த பாராலிம்பிக் போட்டிகளை எங்கள் வீட்டில் ஒரே ஒரு நேரலைச் செயலியின் வழியாகத்தான் பார்த்தோம். பாரிஸ் நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே அங்கே இரவில் நடந்த இறுதிப் போட்டிகள் பலவும் இங்கே நடுநிசியைத் தாண்டியே வந்தன. 84 பேர் கொண்ட இந்திய அணி 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம் என 29 பதக்கங்களைப் பெற்று, பதக்கப் பட்டியலில் 18-ஆம் இடத்தைப் பிடித்த தொடர் அது. அதற்கு முந்தைய டோக்கியோ போட்டியில் பெற்றவை 19. இத்தகைய தொடரை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்ததற்காக அந்தச் சேவைக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். இருந்தாலும் ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்களுக்கு மேல் தர மனம் வரவில்லை.

முதலில் நிறைகள். படம் தெளிவாக இருந்தது. எங்கள் தெருவில் இணைய வேகம் குறையும் மாலை நேரத்தில்கூட ஒருமுறையும் நின்றுபோகவில்லை. முடிந்த ஆட்டங்களை மறுநாள் முழுமையாகப் பார்க்கும் வசதியும் இருந்தது. செப்டம்பர் 2 அன்று மட்டும் இந்தியாவுக்கு எட்டுப் பதக்கங்கள் கிடைத்தன. யோகேஷ் கதுனியாவின் வட்டெறிதல் வெள்ளியில் தொடங்கி, பேட்மிண்டன் அரங்கிலிருந்து ஐந்து பதக்கங்கள், வில்வித்தைக் கலப்பு இணையின் வெண்கலம், 70.59 மீட்டர் எறிந்து பாராலிம்பிக் சாதனையோடு தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்ட சுமித் அன்டிலின் ஈட்டி என ஒன்றன்மேல் ஒன்றாக வந்த நாளில், அந்த மறு ஒளிபரப்பு வசதி இல்லையென்றால் பாதியைத் தவறவிட்டிருப்போம்.

குறை, விளக்கத்தில்தான் இருந்தது. பாராலிம்பிக் போட்டியைப் பொறுத்தவரை, யார் எந்தப் பிரிவில் ஆடுகிறார், அந்தப் பிரிவின் விதி என்ன என்று தெரியாமல் பார்ப்பது, கதை தெரியாமல் கூத்துப் பார்ப்பது போலத்தான். திரையின் மூலையில் எஸ்எல்3, எஃப்51, டி63 என்று எழுத்தும் எண்ணும் மட்டும் வந்துபோயின. அவற்றின் பொருளை வர்ணனையாளர்கள் சொல்லவில்லை; செயலியிலும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

நிதேஷ் குமாருக்கும் பிரிட்டனின் டேனியல் பெத்தலுக்கும் நடந்த பேட்மிண்டன் இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே என் தந்தை, “ஏம்ப்பா, கோட்டுக்கு உள்ளேதானே விழுந்துச்சு, இதை எப்படி அவுட்டுன்னு சொல்றாங்க?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. எஸ்எல்3 என்பது காலில் குறைபாடு உடையவர்களுக்கான பிரிவு. அதில் ஒற்றையர் ஆட்டம் ஆடுகளத்தின் அரை அகலத்தில் மட்டுமே நடக்கும். எதிராளியை இடமும் வலமும் ஓடவைக்க வழியில்லாததால், வலைக்கு அருகே மெல்ல இறக்குவதும் பின்கோட்டுக்குத் தள்ளுவதுமாகப் பொறுமையைச் சோதிக்கும் நீண்ட ஆட்டமாக அது மாறிவிடுகிறது. அதுவரை ஒருமுறைகூட வென்றிராத பெத்தலை 21-14, 18-21, 23-21 என்று ஏறத்தாழ 80 நிமிடம் போராடி நிதேஷ் வீழ்த்தியதன் அருமை, இந்த விதி தெரிந்த பிறகுதான் முழுமையாகப் புரிகிறது. நான் வேறொரு கைபேசியில் தேடிப் படித்துச் சொன்ன பிறகு, என் தந்தை நாற்காலியை விட்டு எழவே இல்லை.

மரக்கட்டையைத் தூரமாக எறியும் கிளப் த்ரோ என்ற போட்டியில் நிலைமை இன்னும் மோசம். தரம்பிர், பிரணவ் சூர்மா இருவரும் தங்கமும் வெள்ளியும் வென்ற எஃப்51 பிரிவில், கை விரல்களின் பிடிமானமே பாதிக்கப்பட்டவர்கள் போட்டியிடுகிறார்கள். தரம்பிரின் முதல் நான்கு எறிதல்களும் தவறானவை என்று அறிவிக்கப்பட்டு, ஐந்தாவது எறிதலில் 34.92 மீட்டர் வந்தது. விரல்கள் இறுகப் பற்ற முடியாத ஒருவர் அந்தக் கட்டையை எப்படிப் பிடிக்கிறார், எந்தக் கணத்தில் விடுகிறார், நான்கு முறை தவறிய பிறகு ஐந்தாவதில் எதை மாற்றினார் என்றெல்லாம் பேசுவதற்கு வர்ணனையாளர்களுக்கு நேரம் தாராளமாக இருந்தது. அவர்களோ பதக்கக் கணக்கையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தரம்பிரை இந்த விளையாட்டுக்குள் வளர்த்துவிட்ட அமித் குமார் சரோஹா அதே இறுதிப் போட்டியில் தானும் எறிந்தார் என்ற செய்தியை மறுநாள் நாளிதழில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். குரு பதக்கம் பெறாத களத்தில் சீடர் தங்கம் வென்ற காட்சியை நேரலையில் பார்த்தும் அறியாமல் விட்டேனே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

செப்டம்பர் 7 இரவு நடந்தது இதைவிடப் பெரிய தவறு. குள்ளமான உடலமைப்பு கொண்டோருக்கான எஃப்41 பிரிவில் நவ்தீப் சிங் 47.32 மீட்டர் தூரம் ஈட்டி எறிந்தார். ஈரானின் சதேக் பெய்த் சயா 47.64 மீட்டர் எறிந்து முந்தியதால் வெள்ளி என்று திரையில் வந்தது; செயலி உடனே விளம்பரத்துக்குப் போய், அங்கிருந்து வேறு ஆட்டத்துக்குத் தாவிவிட்டது. நடத்தை விதியை மீறி ஒரு கொடியைக் காட்டியதற்காக ஈரான் வீரர் தகுதி நீக்கப்பட்டு, நவ்தீப்புக்குத் தங்கம் வந்ததைப் பதக்கப் பட்டியலில் எண் மாறியதைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டியிருந்தது. ஏன் மாறியது என்று ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். நேரலை சற்றுத் தாமதமாக வருவது இயல்புதான். ஆனால் அதே செயலியின் அறிவிப்பு மணி நேரலையை முந்திக்கொண்டு அடித்தது. காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன், கையில் குறைபாடு உடையவர்களுக்கான எஸ்யூ5 பேட்மிண்டன் இறுதிப் போட்டியில் சீனாவின் யாங் சியூசியாவுக்கு எதிராக ஆடிக்கொண்டிருக்கும்போதே ‘துளசிமதிக்கு வெள்ளி’ என்று கைபேசி சொல்லிவிட்டது. அதன்பின் மீதிப் புள்ளிகளை என்ன மனநிலையில் பார்ப்பது?

மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டிய இரவில் மட்டும் வர்ணனை கொஞ்சம் தேறியது. ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் என்று அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர் என்பதைச் சொன்னார்கள். ஆனால் தங்கம் வென்ற அமெரிக்காவின் எஸ்ரா ஃபிரெச் செயற்கைக் காலோடு ஓடிவர, மாரியப்பனும் இன்னொரு இந்தியரான சரத் குமாரும் அது இல்லாமல் தாண்டுவதன் காரணத்தைச் சொல்லவில்லை. செயற்கைக் கால் இல்லாமல் தாண்டும் டி42, செயற்கைக் காலோடு தாண்டும் டி63 என்ற இரு பிரிவினரும் அங்கே ஒரே போட்டியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள்; இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

பதக்கம் கிடைக்காத ஆட்டங்களைச் செயலி ஏறக்குறைய மறந்தேவிட்டது. இந்தியர்கள் கலந்துகொண்ட 12 விளையாட்டுகளில் தடகளம், பேட்மிண்டன், துப்பாக்கி சுடுதல், வில்வித்தை, ஜூடோ ஆகிய ஐந்தில்தான் பதக்கம் வந்தது. கைகளே இல்லாமல் காலால் வில்லை ஏந்தி எய்யும் ஷீத்தல் தேவி தனிநபர் பிரிவில் 137-138 என்று ஒரே ஒரு புள்ளியில் வெளியேறிய ஆட்டம், என் கணக்கில், இந்தத் தொடரின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று. முகப்புப் பக்கத்தில் அதற்கு இடமே தரவில்லை, தேடிப்பிடித்துத்தான் பார்த்தேன்.

அடுத்து 2026 அக்டோபரில் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசியப் பாரா விளையாட்டுப் போட்டிகள் வருகின்றன. அதற்குள் இரண்டே இரண்டு மாற்றங்களைச் செய்தால் இன்னொரு நட்சத்திரத்தை மகிழ்ச்சியோடு கூட்டித் தருவேன். ஒவ்வொரு போட்டியும் தொடங்குமுன் அந்தப் பிரிவின் விதியைத் தமிழில் மூன்று வரியில் திரையில் காட்ட வேண்டும்; நேரலை பார்த்துக்கொண்டிருப்பவரின் கைபேசிக்கு அந்த ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே அனுப்பக் கூடாது.