‘12 அங்குல டிராவல்’ மியாட்டா கிட்: ஓட்டும் முன் ஸ்பிரிங்கைக் கழற்றி அளந்து பாருங்கள்

தெற்குக் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் ஓட்டுவதற்காக 1989–97 என்.ஏ. (முதல் தலைமுறை) மாஸ்டா மியாட்டா ஸ்போர்ட்ஸ் காரை மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை. ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கடை ‘முன்னும் பின்னும் 12 அங்குல வீல் டிராவல்’ (வீல் மேலும் கீழும் அசையும் மொத்த தூரம்) என்று சொல்லி விற்ற சஸ்பென்ஷன் கிட்டைப் பிரித்து, மாட்டி, அளந்ததில் தெரிந்தவை கீழே. கடையின் பெயர் வேண்டாம். இதே கணக்கைச் சொல்லி விற்கிறவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள்.

அந்த 12 எங்கிருந்து வந்தது? பெட்டியில் இருந்தது 8 அங்குல ஸ்ட்ரோக் (அமுங்கும் தூரம்) உள்ள காயில்ஓவர், அதாவது ஸ்பிரிங் சுற்றிய ஷாக். லோயர் ஆர்மில் (வீலைத் தாங்கும் கீழ்க்கை) அது உட்காரும் இடத்தின்படி, வீல் 1 அங்குலம் ஏறினால் ஷாக் 0.65 அங்குலம் அமுங்கும். 8-ஐ 0.65-ஆல் வகுத்தால் 12.3. ஷாக்கைப் பொறுத்தவரை பொய்யில்லை. ஆனால் பின்பக்கம் டிஃபரென்ஷியலிலிருந்து வீலைச் சுழற்றும் ஆக்சில் என்று ஒன்று இருக்கிறதே, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மியாட்டா ஆக்சிலின் உள் ஜாயிண்ட் (டிஃபரென்ஷியல் பக்கத்து மூட்டு) ட்ரைபாட் வகை: மூன்று ரோலர்கள் ஒரு கப்புக்குள் ஓடும். இந்த வகை ஜாயிண்ட்டுகள் பொதுவாக 23 முதல் 26 டிகிரி வரைதான் மடங்கும். இரண்டு ஜாயிண்ட் மையங்களுக்கும் நடுவே 16 அங்குலம் என்று வையுங்கள் (உங்கள் வண்டியில் டேப் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்). வண்டியை 3 அங்குலம் லிஃப்ட் செய்தாலே வீல் மாட்டும் ஹப், டிஃபரென்ஷியலுக்கு 3 அங்குலம் கீழே போய்விடுகிறது. அதற்குமேல் 5 அங்குலம் தொங்கவிட்டால் மொத்தம் 8. கோணம் 30 டிகிரியைத் தொடும். முதலில் பூட் (ஜாயிண்ட்டின் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் தெறிக்கும். பிறகு ரோலர் கப்பின் விளிம்பில் ஏறி மாட்டிக்கொள்ளும். 23 டிகிரியோடு நிறுத்தினால் தொங்குவதற்குக் கிடைப்பது மூன்றேகால் அங்குலம். மேலே நாலரை அங்குலத்தில் டயர் உள் ஃபெண்டரை இடிக்கிறது. ஆக பின்பக்கம் உருப்படியாகக் கிடைத்தது 8 அங்குலத்துக்கும் குறைவு.

முன்பக்கம் வேறு கூத்து. 450 பவுண்டு ஸ்பிரிங் (ஒரு அங்குலம் அமுக்க 450 பவுண்டு வேண்டும்) அனுப்பியிருந்தார்கள். வீலில் கிடைக்கும் விறைப்பு என்பது ஸ்பிரிங் எண்ணை 0.65-ஆல் இரண்டு முறை பெருக்கியது, அதாவது சுமார் 190. ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 470 பவுண்டு என்றால் வண்டி அமுங்குவது இரண்டரை அங்குலம்தான். 5 அங்குலம் தொங்க வேண்டிய வண்டியில் கடைசி இரண்டரை அங்குலம் ஸ்பிரிங் சீட்டை விட்டுக் கழன்று கடகடவென்று ஆடும். அந்த எடைக்கு 225 பவுண்டு சுற்றுவட்டாரம் போதும். பெரிய எண் இருந்தால் ஸ்ட்ராங் என்று நினைத்துக்கொள்கிற விற்பனை புத்தி.

ஆர்ம் ‘4130 க்ரோமோலி’ (உறுதியான கலப்பு எஃகு) என்றார்கள். மில் சர்டிஃபிகேட் (எஃகு ஆலையின் சான்று) கேட்டதற்குப் பதில் இல்லை. பவுடர் கோட்டிங்கைச் சுரண்டினால் ஷாக்கைப் பிடிக்கும் தகட்டின் ஓரத்தில் வெல்டு, மெழுகு வழிந்தது போல மேலாக உட்கார்ந்திருக்கிறது. குழாயோடு உருகிச் சேரவே இல்லை. அதுவும் ஒற்றைத் தகடு. போல்ட்டை ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கிறது. இரட்டைத் தகடு இல்லாத ஷாக் மவுண்ட்டை எந்த விலைக்கும் ஏற்காதீர்கள். பெயின்ட் அடிக்காமல் பச்சையாக அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் காரணம் உங்களுக்கே தெரியும்.

லிமிட் ஸ்ட்ராப் (வீல் அளவுக்கு மீறித் தொங்காமல் பிடிக்கும் பட்டை) பெட்டியிலேயே இல்லை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு குதிப்பிலும் வீலின் முழு எடையையும் ஷாக்கின் பிஸ்டன் நட்டுதான் இழுத்துப் பிடிக்கும். ஷாக் முழுதாக நீள்வதற்கு அரை அங்குலம் முன்பே ஸ்ட்ராப் இறுகவேண்டும். பாரத்தில் ஸ்ட்ராப் ஒரு அடி நீளத்துக்கு ஒரு அங்குலம் வரை நீளும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். மேலே, ஷாக் அடிதட்டுவதற்கு முன் பம்ப் ஸ்டாப் (மெத்தைத் தடுப்பு) தட்டவேண்டும்.

சரிபார்ப்பது ஒரு மாலை வேலை. வண்டியை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, காயில்ஓவரில் ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிவிட்டு மாட்டுங்கள். ட்ராலி ஜாக்கால் ஹப்பை ஒவ்வொரு அங்குலமாக உயர்த்துங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஆக்சிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடித்தால் அதுதான் உங்கள் எல்லை. முன்வீலில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். டோவும் (வீல் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) குறியுங்கள்: ஹப் ஏறி இறங்கும்போது வீல் தானாகத் திரும்பினால் டை ராடின் நீளமோ உயரமோ தவறு. ஹைம் ஜாயிண்ட் (நுனியிலுள்ள உருண்டை மூட்டு) பிராக்கெட்டில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். முட்டினால் வளைவது போல்ட்.

பின்பக்கத்துக்கு மலிவான தீர்வு, ஸ்ட்ராப் போட்டு தொங்கலைக் குறைப்பது. சப்ஃப்ரேமை (டிஃபரென்ஷியலையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டகம்) ஸ்பேசர் வைத்து இறக்கினால் ஆக்சில் கோணம் பழையபடி வரும். ஆனால் மியாட்டாவில் கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் ஒரு நீளச் சட்டம் பிணைக்கிறது, முன்பக்கமும் சேர்ந்து இறங்கினால்தான் சரிப்படும்.

பணத்தைத் திரும்பக் கேட்டால், ‘ஆஃப் ரோடு உபயோகத்துக்கு மட்டும்’ என்ற வரியைக் காட்டி மறுக்கிறார்கள். சொன்னபடி பொருள் தராததற்கு அந்த வரி பதிலாகாது. அமெரிக்காவில் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போய்ச் சேரவேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அளவு டேப் தெரிய எடுத்த படங்கள், சுரண்டிய வெல்டின் படம் மூன்றையும் இணையுங்கள். நண்பருக்கு அனுப்புவது போலப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே ஆர்டரை விட்டுவிடுங்கள்.