அகலப் பாதமும் மலையேற்ற ஷூவும்: பல மலை ஏறி இறங்கிய பிறகு

பாதம் அகலம் என்று சொன்னால் ஷூ கடையில் வரும் பதில் எங்கேயும் ஒன்றுதான். "ஒரு சைஸ் பெருசா போட்டுக்குங்க மேடம், சரியாயிடும்." சரியாகாது. ஏன் ஆகாது என்பதற்குக் கணக்கே இருக்கிறது.

யூ.கே. அளவில் ஒரு சைஸ் ஏறினால் ஷூவின் நீளம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மி.மீ. கூடுகிறது. விரல்கள் தொடங்கும் மூட்டுப் பகுதியின் சுற்றளவு வழக்கமாகக் கால் அங்குலம்தான் கூடும். அடிப்பக்க அகலம் என்று பார்த்தால் கிடைப்பது இரண்டு மி.மீ. அளவுக்குத்தான். எனக்கு வேண்டியதோ ஆறு மி.மீ. அதற்கு மூன்று சைஸ் ஏறினால் முன்பக்கம் இரண்டரை செ.மீ. காலியாகக் கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டு கல்படி ஏறினால் ஒவ்வொரு படியிலும் ஷூவின் மூக்கு இடிக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஷூ மடங்குவதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அது கால் மடங்கும் இடத்தோடு பொருந்த வேண்டும். நீளம் கூடிய ஷூவில் அந்த மடிப்பு முன்னால் தள்ளிப்போய் நேராக விரல்கள் மேல் விழும். அகலத்துக்காக எடுத்த பெரிய ஷூ கடைசியில் விரலைத்தான் கடிக்கும்.

திருவண்ணாமலைப் பக்கம் இருக்கிறவள் நான். பர்வதமலை, ஜவ்வாது, ஏலகிரி எல்லாம் விடுமுறை நாளில் போய்வரக்கூடிய தூரம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப்பாதைகளைத் திறந்த பிறகு, இதுவரை மலைப் பக்கமே போகாத தோழிகள்கூட ஷூ பற்றிக் கேட்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு என்னைப் போலவே முன்பாதம் விரிந்த கால். செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்தவர்களுக்கு அது அப்படித்தான் இருக்கும். கிரிவலம் 14 கிலோமீட்டரையும் வெறுங்காலில் நடப்பவர்களின் பாதங்களைப் பாருங்கள். ஐந்து விரலும் தனித்தனியாகத் தரையைப் பிடித்திருக்கும்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனிடம் ஒருமுறை புலம்பினேன். "அக்கா, ஷூவைக் காலுக்கா செய்றோம்? லாஸ்டுக்குத்தான் செய்றோம். ஆர்டர் கொடுக்கிறவன் எந்த லாஸ்ட் அனுப்புறானோ அதுதான் அளவு" என்றான். லாஸ்ட் என்பது பாத வடிவில் இருக்கும் அச்சு. அதன் மேல் தோலையோ துணியையோ இழுத்துக் கட்டித்தான் ஷூ உருவாகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து ஏற்றுமதியாகும் ஷூக்கள் வெளிநாட்டுக் கால்களுக்கானவை. நம் கடைகளில் விற்பதும் யூ.கே., ஐரோப்பிய, அமெரிக்க அளவுகள்தான். அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்பதும், அகலம் போதாததால் நம் ஆட்கள் தேவைக்கு மேல் நீளமான ஷூ போடுகிறார்கள் என்பதும் அதில் தெரியவந்தது. இந்தியாவுக்கென்று 'பா' என்ற தனி அளவுமுறையை அதன் பிறகுதான் பரிந்துரைத்தார்கள். கடைக்காரப் பையன் சொல்லும் 'ஒரு சைஸ் பெருசு' நாடு தழுவிய பழக்கம் என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அளவெடுப்பதை வீட்டிலேயே செய்யலாம். சாயங்காலம் செய்யுங்கள், நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். ஏ4 தாளைச் சுவரோரம் தரையில் வைத்து, குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையையும் அந்தக் காலில் போட்டு நிற்க வேண்டும். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து இன்னொருவர் வரைந்தால் நல்லது. கட்டைவிரல் மூட்டின் புடைப்பிலிருந்து சுண்டுவிரல் மூட்டின் புடைப்பு வரை அளந்தால் அதுதான் அகலம். எனக்கு நீளம் 241 மி.மீ., அகலம் 102. இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரிய காலுக்குத்தான் ஷூ.

பெண்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். அமெரிக்க அகலக் குறியீட்டில் பெண்களுக்குச் சாதாரண அகலம் 'பி', ஆண்களுக்கு 'டி'. பெண்களில் 'டி' என்றால் அகலம் என்று கணக்கு. ஆண்களில் '2இ' அகலம், '4இ' மிக அகலம். ஆக, அகலப் பாதமுள்ள பெண்கள் ஆண்கள் வரிசையில் தேடுவதுதான் குறுக்குவழி. சிக்கல் என்னவென்றால் ஆண்கள் ஷூ பெரும்பாலும் 6-ல்தான் தொடங்கும். குதிகால் பகுதியும் நமக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும்.

நான் சில வருடங்களாகப் போட்டுக்கொண்டிருப்பது ஆண்களுக்கான 6-ம் நம்பர், 2இ அகலம், கணுக்காலுக்குக் கீழேயே நிற்கும், வலைபோன்ற மெஷ் துணி ஷூ. சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் வாங்கிவந்தது. நான் அனுப்பியது பாதம் வரைந்து கத்தரித்த இரண்டு காகிதம் மட்டும்தான். அவர் கடையில் ஷூவுக்குள் பாதத்தின் கீழ் கிடக்கும் இன்சோலை வெளியே எடுத்து, அதன் மேல் காகிதப் பாதத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். விரல் பக்கம் காகிதம் இன்சோலைத் தாண்டாமல், முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் மிச்சமிருந்த ஜோடியைத்தான் எடுத்தார். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாராம். பார்க்கட்டும். மாடல் பெயரை இங்கே சொல்லாததற்குக் காரணம், அடுத்த பதிப்பில் அதன் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

போட்ட முதல் சில வாரங்களிலேயே தெரிந்த மாற்றம் சுண்டுவிரலில்தான். வெளி ஓரத்தில் வருடக்கணக்காகத் தடித்திருந்த காய்ப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. ஏலகிரியில் சுவாமிமலைக்கு ஏறும்போது பழைய ஷூவில் பாதி வழியில் உள்ளங்கால் மரத்துப்போகும், உட்கார்ந்து லேஸைத் தளர்த்த வேண்டியிருக்கும். அது நின்றது.

இறக்கம்தான் வேறு கதை. பர்வதமலைக்குத் தென்மாதிமங்கலம் வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், படிகள், பிறகு பாறைப் பாதை, அதற்கும் மேலே சங்கிலியும், பாறையில் இரும்புக் கம்பி அடித்த கடப்பாரைப் படியும். ஏறும்போது அகலமான முன்பாதம் அந்த இரும்புக் கம்பிகளில் நன்றாக ஊன்றியது, ஆனால் மென்மையான சோல் கம்பியைச் சுற்றி வளைந்து உள்ளங்காலை உறுத்தியது. இறங்கும்போது குதிகால் ஒவ்வொரு அடிக்கும் ஷூவுக்குள் எழும்பி எழும்பி உட்கார, கீழே வருவதற்குள் பின்பக்கம் தோல் உரிந்து கொப்புளம். அகலத்தை மட்டும் பார்த்து வாங்கினால் இதுதான் நடக்கும். முன்னால் இடம், பின்னால் பிடி, இரண்டும் சேர்ந்தால்தான் மலைக்கு ஆகும். பின்னால் பிடி இல்லாவிட்டால் பாதம் முன்னோக்கிச் சறுக்கி நகம் கறுத்துப்போகும். நமக்கு வாய்த்த பாதைகள் பெரும்பாலும் செங்குத்தான கல்படிகள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இதற்கு லேஸ் கட்டும் விதத்தில் பெரிய அளவு தீர்வு கிடைத்தது. ஷூவின் மேலே கணுக்காலை ஒட்டி, யாரும் பயன்படுத்தாத ஓர் ஓட்டை கூடுதலாக இருக்கும். லேஸை மறுபக்கத்துக்குக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்தில் அந்த மேல் ஓட்டைக்குள் விட்டுச் சின்ன வளையம் ஆக்க வேண்டும். இரண்டு பக்கமும் வளையம் வந்ததும், லேஸ் முனைகளை எதிர்ப் பக்க வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் குதிகால் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கம் விரலருகே இருக்கும் முதல் ஜோடி ஓட்டையில் நான் லேஸே கோப்பதில்லை. அங்கே கிடைக்கும் தளர்வு ஒன்றிரண்டு மி.மீ.தான் இருக்கும், ஆனால் கால் வீங்கும் மத்தியான நேரத்தில் அது தெரியும்.

சாக்ஸும் அகலத்தைத் தின்னும். தடித்த பருத்தி சாக்ஸ் போட்டுப் பார்த்தால் 2இ ஷூ சாதாரண ஷூ ஆகிவிடுகிறது, வியர்வையில் நனைந்து தோலை உரசவும் செய்கிறது. மெல்லிய கம்பளிக் கலப்பு சாக்ஸ்தான் எனக்கு ஒத்துவந்தது. ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த சாக்ஸை நிறையப் பேர் புகழ்கிறார்கள். விரல்களுக்கு நடுவே துணி வருவதால் பாதம் இன்னும் விரியும். உள்ளே நிஜமாகவே இடம் இருந்தால் மட்டும் போடலாம்.

தேய்மானம் எங்கே தொடங்கியது? எதிர்பார்த்த இடத்தில்தான். அகலப் பாதக்காரர்களின் ஷூ முதலில் சாவது சுண்டுவிரல் பக்கத்தில். உள் துணி நைந்து பஞ்சு தெரிந்தது, பிறகு வெளியே மெஷ் நூல் பிரிந்தது. பேருந்து நிலையத்தருகே செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். "உள்ள வச்சு தைச்சா வெளிய தெரியாதும்மா" என்றார். "வெளியவே வைங்கண்ணே, உள்ள விரலுக்கு இடம் வேணும்" என்றேன். ஒரு கறுப்புத் தோல் துண்டை வெளிப்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். பார்க்க அழகில்லை, இன்னும் பிரியவில்லை. சோலில் குதிகாலின் வெளி ஓரப் பற்கள் மழுங்கிவிட்டன. ஈரப் பாறையில் இப்போது அதை நம்புவதில்லை.

மழையில் நனைந்தால் வெயிலில் காயவைக்காமல் பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் வைக்கிறேன். நம் ஊர் மே மாத வெயில் பசையை இளக்கிவிடும். நல்ல ஷூ ஆயிற்றே என்று பெட்டியில் பூட்டி வைப்பதும் ஆகாது. பாலியூரித்தேன் நடுச்சோல் உள்ள பூட்ஸ் காற்றின் ஈரத்திலேயே மெல்ல மெல்லச் சிதைந்து, சில வருடம் கழித்துப் போட்டால் நடக்க நடக்கப் பொடியாக உதிரும். ஷூவைப் போட்டு நடப்பதுதான் அதற்கு நல்லது.

'போகப்போக லூசாயிடும்' என்ற வாக்குறுதியும் கடையில் கேட்கும். முழுத்தோல் ஷூ ஓரளவு விரியும், மரக்கட்டை வைத்து விரிக்கவும் முடியும். ஆனால் இப்போது வரும் மலையேற்ற ஷூக்களில் விரல் பகுதியைச் சுற்றிக் கல் இடிக்காமலிருக்க ரப்பர் பட்டை ஒட்டியிருப்பார்கள். அது ஜென்மத்துக்கும் விரியாது. நீர் புகாத சவ்வு வைத்தவையும் அப்படித்தான் அவ்வளவாக நெகிழாது, நம் வெப்பத்தில் உள்ளே கால் வேறு வெந்துபோகும். மழைக்கால வால்பாறைக்கே போனாலும் நான் சீக்கிரம் காயும் மெஷ்ஷைத்தான் போடுவேன். ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கத் தனி சாக்ஸ் கிடைக்கிறது.

பெயர் கேட்பவர்களுக்கு, தேடலைத் தொடங்க ஒரு வழி சொல்கிறேன். நியூ பேலன்ஸ் 2இ, 4இ என்று அகலத்தைக் குறிப்பிட்டே விற்கிறது. மெரலின் மோயாப் வரிசையில் 'வைடு' என்று தனியாக உண்டு. ஆல்ட்ரா, டோப்போ இரண்டும் முன்பக்கத்தைப் பாத வடிவிலேயே செய்கின்றன. கீனும் விரல்களுக்கு இடம் விடுகிற ரகம். ஆல்ட்ராவின் பெரும்பாலான மாடல்களில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம் என்பதால் கெண்டைக்கால் பழக நாளாகும். எடுத்த எடுப்பில் அதைப் போட்டுக்கொண்டு பெரிய மலைக்குப் போக வேண்டாம், தெருவில் நடந்து பழகிக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஆன்லைனில் வாங்கினால் வீட்டுக்குள்ளேயே, துடைத்த தரையில், மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். சோலில் மண் பட்டுவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். இறங்கும்போது விரல்நுனி முட்டினால் யோசிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஷூ கடிப்பதே தெரியாது, சின்னக் கொப்புளமும் புண்ணாகிவிடும். மருத்துவரிடம் காலைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

என் ஜோடிக்கு மாற்று தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது. போன பொங்கலுக்கு வந்த நாத்தனாரிடம் அதே மாடல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதே 2இ, அதே நம்பர்தான். ஆனால் புதுப் பதிப்பின் இன்சோலில் காகிதம் இரண்டு பக்கமும் வெளியே வந்ததாம், வாங்காமல் வந்துவிட்டார். இந்த முறை டோப்போவையும் ஒரு 4இ ஜோடியையும் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். குதிகால் எதில் நன்றாக உட்காருகிறதோ அதை எடுப்பேன்.