ஓட்டா, ஒருவர் தீர்ப்பா, ‘உம்’ கொட்டலா?

ஒரு செயலியைத் தமிழாக்கும் ஏழு பேர் குழுவில் இருந்தேன். ‘செட்டிங்ஸ்’ என்பதற்கு ‘அமைப்புகள்’ என்றோம் நால்வர். ‘அமைவுகள்’ என்றார்கள் மூவர். ஓட்டெடுத்தோம். பத்தே நிமிடம், வேலை முடிந்தது. செயலி வெளிவந்தபோது ஒரே திரையில் மேலும் கீழுமாக இரண்டு ‘அமைப்புகள்’ நின்றன: ஒன்று செட்டிங்ஸ், மற்றது நிறுவனங்களின் பட்டியல். மூவரில் ஒருவர் இதைச் சொல்லத்தான் அன்று வாயெடுத்தார். ஜெயித்த தெம்பில் நாங்கள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டோம்.

குழுவாக முடிவெடுக்க ஓட்டு விரைவான வழி, கணக்கும் சுத்தம். ஆனால் தோற்றவரின் கேள்வி அப்படியே கிடக்கும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், கணினியைக் கிளப்பிவிடும் தொடக்க நிரலாக எதை வைப்பது என்ற சண்டையில், 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழு நான்குக்கு நான்கு எனப் பிளந்தது. தலைவரின் கூடுதல் ஓட்டால் சிஸ்டம்டி என்ற நிரல் வென்றது. சச்சரவு ஓயவில்லை. அந்த நவம்பரில் குழுவிலிருந்து மூவர் விலகினார்கள். ஏற்காத சிலர் தேவுவான் என்ற வேறொரு இயங்குதளத்தோடு தனிக்கடையே போட்டார்கள்.

ஒருவர் தீர்ப்பு இன்னும் விரைவு. பைத்தான் நிரல்மொழி அப்படித்தான் வளர்ந்தது. இழுபறி என்றால், அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம் சொல்வதே முடிவு. நிரலில் ஒரு கணக்கீட்டுக்கு நடுவிலேயே ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுக்க உதவும் ‘:=’ என்ற சின்னஞ்சிறு குறியை அவர் ஏற்றார். அதற்குக் கிளம்பிய எதிர்ப்பில் மனம் சலித்து, 2018 ஜூலையில் பொறுப்பையே உதறினார். ஐவர் குழு அந்த இடத்துக்கு வந்தது. எல்லார் கோபமும் ஒரே தலையில் விழுந்தால் எந்தத் தலை தாங்கும்?

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் (IETF) என்ற அமைப்பின் கூட்டங்களில் வழக்கமே வேறு. ‘அரசர், அதிபர், ஓட்டெடுப்பு எதுவும் வேண்டாம்’ என்று 1992இல் இணைய முன்னோடி டேவிட் கிளார்க் சொன்னது அவர்களுக்கு வேதவாக்கு. கூட்டத்தை நடத்தும் தலைவர் ஒரு யோசனையைச் சொன்னதும், உடன்படுபவர்கள் வாயை மூடியபடி ‘உம்’ கொட்டுவார்கள், பிறகு எதிர்ப்பவர்கள். யார் கொட்டினார் என்று தெரியாது, தலைகளை எண்ணவும் முடியாது. முடிவு அந்த ஒலியில் இல்லை. பேச்சைத் தொடர வேண்டுமா என்பதற்கு அது ஒரு நாடி பார்ப்பு, அவ்வளவுதான். எதிர்ப்பவர் சொல்லும் காரணத்துக்குப் பதில் உண்டா என்பதே கேள்வி. பதில் சொல்லிவிட்டால், அவர் இன்னும் ஏற்காவிட்டாலும் மேலே போகலாம். பதில் இல்லையென்றால் ஒற்றை ஆள் எதிர்ப்பே போதும், நிறுத்திவைக்க.

என் ஓட்டு, அந்தச் சொல்லையே இங்கே பயன்படுத்த வேண்டியிருக்கிறதே, இந்த மூன்றாவதற்குத்தான். நேரம் தின்னும், பொறுமையான தலைவர் வேண்டும். நாளைக் காலை வெளியீடு என்றால் ஒருவர் தீர்ப்பே நல்லது. மற்ற நாட்களில் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: எதிர்ப்பவர் காரணத்தை இரண்டு வரியில் எழுத வேண்டும், அதற்குப் பதில் எழுதும்வரை அந்தச் சொல் பூட்டப்படாது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் போடுவதற்கும் தடை. போட ஆரம்பித்தால் உடனே யாராவது எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள்.